பதவியும் தோழமையும்: ‘வொண்டர் வுமன்’ தொலைக்காட்சித் தொடர் – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1975 முதல் 1979 வரை ஒளிபரப்பான ‘வொண்டர் வுமன்’ தொடர், லிண்டா கார்ட்டர் நடித்த டயானா பாத்திரத்தால் இன்றும் நினைக்கப்படுகிறது. வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் 1941-இல் படக்கதைக்காகப் படைத்த இப்பாத்திரம் பெண்ணுரிமையின் குறியீடாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. எனினும், தொடர் முழுவதும் அக்குறியீடு ஒரே பொருளைத் தந்ததா என்பது ஆராயத்தக்கது. முதற்பருவத்தின் இரு கதைகளையும் 1977-இல் நேர்ந்த களமாற்றத்தையும் ஒப்புநோக்கி இக்கட்டுரை அவ்வினாவிற்கு விடை காண முயல்கிறது.

எதிரியின் முகத்தில் ஆணாதிக்கம்

ஏபிசி ஒளிபரப்பிய முதற்பருவத்தின் களம் இரண்டாம் உலகப்போர்க் காலம். பெண்கள் மட்டுமே வாழும் பாரடைஸ் தீவிலிருந்து வரும் இளவரசி டயானா, கடற்படை எழுத்தராக மேஜர் ஸ்டீவ் டிரெவரின் அலுவலகத்தில் பணியாற்றுகிறாள். 1976-இல் வெளியான ஃபௌஸ்டா கதையில், அவளைச் சிறைப்பிடிக்க வரும் நாசி உளவாளியும் ஒரு பெண்ணே. ஃபௌஸ்டா திறமை மிக்கவள். ஆயினும் அவளது தரப்பின் ஆண்கள் அவளைத் தமக்கு நிகராக மதிப்பதில்லை. இறுதியில் அவள் அணி மாறுகிறாள். அம்மாற்றத்திற்குக் காரணம் டயானாவின் உடல்வலிமையன்று. பெண்ணின் தகுதி குறித்து அவள் எழுப்பும் வினாவே ஆகும். பகைவரை வெல்வதினும் பகைவரிடையே உள்ள பெண்ணைத் தன்பால் ஈர்ப்பதையே இக்கதை உயர்ந்த வெற்றியாகக் காட்டுகிறது.

அதே ஆண்டு நவம்பரில் இரு பகுதிகளாக வந்த ‘தி ஃபெமினம் மிஸ்டிக்’ கதையின் தலைப்பு, பெட்டி ஃப்ரீடன் 1963-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பெண்ணிய நூலின் பெயரைத் தழுவியது. குண்டுகளைத் தடுக்கும் டயானாவின் காப்புகள் ஃபெமினம் என்னும் உலோகத்தால் ஆனவை. அதைக் கவர நாசிப்படை தீவிற்குள் நுழைகிறது. டெப்ரா விங்கர் நடித்த தங்கை ட்ரூசில்லா இக்கதையில் அறிமுகமாகிறாள். தாய், தமக்கை, தங்கை என்னும் உறவு வட்டமே இங்குக் கதையின் அச்சாகிறது.

இவ்விரு கதைகளிலும் ஒரு முரண் உண்டு. பெண்ணை இழிவுபடுத்துவோர் பெரும்பாலும் நாசிகளே. அதே வேளையில், எவரினும் ஆற்றல் மிக்க டயானா அமெரிக்க அதிகாரியின் அலுவலகத்தில் எழுத்தராகவே இருக்கிறாள். அந்நிலை கதையில் குற்றமாக எழுப்பப்படுவதில்லை. ஆணாதிக்கத்தை எதிரியின் பண்பாக நிறுவியதால்தான் அதைக் கண்டிக்கும் துணிவு இப்பருவத்திற்கு வாய்த்தது எனலாம்.

களமாற்றமும் மௌனமும்

1977 செப்டம்பரில் தொடர் சிபிஎஸ் நிறுவனத்திற்கு மாறியபோது, கதைக்களம் சமகாலத்திற்கு நகர்ந்தது. டயானா இப்போது எழுத்தர் அல்லள்; அரசு உளவு அமைப்பொன்றின் முகவர். இம்மாற்றத்தை முன்னேற்றமென்று கொள்வோர் உளர். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் ட்ரூசில்லாவும் அலுவலகத் தோழி எட்டா கேண்டியும் கதையிலிருந்து மறைந்தனர். பாரடைஸ் தீவு அரிதாகவே தோன்றியது. டயானாவின் பதவி உயர்ந்தது. அவளைச் சூழ்ந்திருந்த பெண்களின் தோழமை அருகியது.

இம்மாற்றம் நிகழ்ந்த காலமும் கருதத்தக்கது. 1972-இல் அமெரிக்கக் காங்கிரசில் நிறைவேறிய சமவுரிமைத் திருத்தம் நடைமுறைக்கு வர 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 1977 தொடக்கத்தில் 35-ஆவது மாநிலம் ஒப்பியபின் அம்முயற்சி தேங்கியது. பெண்ணுரிமை நாட்டின் சூடான விவாதமாக இருந்த அவ்வேளையில்தான் தொடரில் அதைப் பற்றிய பேச்சுத் தணிந்தது. போர்க்காலக் களத்தை அமைப்பதற்கான செலவு களமாற்றத்திற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. களம் மாறியதற்கு அது விளக்கமாகலாம்; பேச்சுத் தணிந்ததற்கு அது விளக்கமாகாது. பழி சுமத்த நாசிகள் இல்லாத நிலையில், ஆணாதிக்கத்தைக் காட்டுவதெனில் அமெரிக்காவையே காட்ட வேண்டியிருந்தது. அதற்குத் தொடர் முன்வரவில்லை.

முடிவுரை

‘வொண்டர் வுமன்’ தொடரைப் பெண்ணியப் படைப்பென்றோ வணிகப் பொழுதுபோக்கென்றோ ஒரே சொல்லில் அடக்குதல் பொருந்தாது. கடந்த காலத்தையும் அயலானையும் சுட்டும்போது அது துணிவுடன் பேசியது. தன் காலத்தையும் தன் நாட்டையும் சுட்ட வேண்டிய இடத்தில் தனியொருத்தியின் உயர்வோடு அமைந்துவிட்டது. வெகுசனப் படைப்புகளில் பெண்ணின் ஆற்றலை மதிப்பிடுவோர், அவள் யாரை வெல்கிறாள் என்பதோடு, அவளருகில் எத்தனை பெண்கள் நிற்கின்றனர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.