ஒரே மணல், இரண்டு படங்கள்

குற்றாலத்துச் சாரல் எட்டிப் பார்க்கிற மேலகரத்தில் இருந்துகொண்டு பாலைவனப் படத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தண்ணீரின் அருமையைச் சொல்லும் கதை, தண்ணீர் உள்ள ஊர்க்காரனுக்குத்தான் சுருக்கென்று தைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பென்யாமின் 2008-ல் எழுதிய 'ஆடுஜீவிதம்' நாவலை பிளெஸ்ஸி மலையாளத்தில் படமாக்கினார், 2024-ல் வெளிவந்தது. ஆற்றில் மணல் அள்ளிப் பிழைத்த நஜீப், கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டுச் சவூதிக்குப் போகிறான். கிடைப்பது ஆட்டுக் கிடை. கூலி இல்லை; திரும்பி வர வழியும் இல்லை.

படத்தில் உயர்ந்த கட்டம் எது என்று கேட்டால், மணற்புயலை நான் சொல்லமாட்டேன். கால் கழுவத் தண்ணீர் எடுத்ததற்காக அடி வாங்குகிறானே, அதைத்தான் சொல்வேன். தண்ணீர் இல்லாமல் இல்லை. ஆட்டுக்கு உண்டு, ஆற்றங்கரைக்காரனுக்கு இல்லை. பேச்சே மறந்தவனைப் போலக் குரல் தேய்ந்து பிருத்விராஜ் நடித்திருப்பதும் உயர்ந்த நடிப்பு.

தப்பியோடும் பின்பாதியில்தான் குறை. ஹக்கீம் மணலில் விழுந்து சாகும்போது மௌனம் ஒன்றே போதும். ரஹ்மானின் இசை நல்ல இசைதான். ஆனால் நாம் அழுவதற்கு முன்பே அது அழுதுவிடுகிறது. நாவலில் நஜீப் ஆடுகளுக்கு ஊர்க்காரர்களின் பெயரை வைத்துக் கூப்பிடுவான். அந்தச் சிநேகத்துக்கும் படத்தில் போதிய இடமில்லை.

இந்தப் படம் எடுக்கப்பட்ட ஜோர்டானின் வாடி ரம் பாலையிலேதான், 2014-ல் வந்த 'தீப்' என்ற அரபுப் படத்தையும் நாஜி அபு நுவார் எடுத்தார். ஜோர்டான் சினிமா இப்போதுதான் வளர்ந்து வருகிறது. 2016-ல் அந்த நாட்டுக்கு முதல் ஆஸ்கார் பரிந்துரையைத் தேடித் தந்த படம் இதுவே. அவ்வூர்ப் பதூயின் மக்களே பெரும்பாலும் நடித்திருக்கிறார்கள். கதை 1916-ல் நடக்கிறது. அண்ணனைப் பறிகொடுத்த சிறுவன், கொன்ற கூட்டத்தில் காயம்பட்டுக் கிடக்கும் ஒருவனோடு சேர்ந்துதான் பிழைக்க வேண்டும். மணலைக் கண்டு அவன் மலைப்பதில்லை. மனிதனைக் கண்டுதான் அஞ்சுகிறான். அது அவன் வீடு.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்னார். அகப்பாட்டில் பாலைக்குரிய ஒழுக்கமோ பிரிவு. இரண்டும் நஜீபுக்குப் பொருந்தும்.

எங்கள் வட்டாரத்திலிருந்தும் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போகிறார்கள். அவர்கள் வீட்டார் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அரபு தேசத்தையே சபித்துக்கொண்டு எழுந்திருக்கலாகாது. கடைசியில் சாலையில் வண்டியை நிறுத்தி, அழுக்கும் சடையுமாய் நிற்கும் நஜீபை ஏற்றிக்கொள்பவரும் ஓர் அரபுக்காரர்தான்.