இசையும் ஒப்புரவும்

மட்டக்களப்பு நாட்டிலே பாட்டு என்பது கேட்டு இன்புறுதற்கு மாத்திரம் உரியதன்று. வைகாசித் திங்களிற் கண்ணகியம்மன் கோயில்களில் வழக்குரை காவியம் பாடப்பெற்றுக் குளிர்த்திச் சடங்கு நிறைவுறும்போது, ஊரார் வேண்டி நிற்பன மழையும் நோயின்மையுமேயாம். அங்கே பாடுவோர் ஊரின்பொருட்டே பாடுகின்றனர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளாரும் இசையாராய்ச்சியையும் தொண்டினையும் வேறு வேறாகக் கொண்டாரல்லர். கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை 1929ஆம் ஆண்டிற் கண்ட அவரே, 1947ஆம் ஆண்டில் யாழ் நூலைத் தமிழுலகுக்கு அளித்தார். பாட்டினால் ஊருக்கு விளையும் பயன் யாது என்னும் வினா, ஆதலால், இந்நாட்டார்க்குப் புதியதன்று. அவ்வினாவைக் கொண்டு எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வாழ்வை ஆராய்தல் பொருத்தமுடையது.

அம்மையார் 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மதுரையிற் பிறந்தார். அன்னையார் சண்முகவடிவு வீணை வல்லுநர். பாட்டியார் வயலின் வாசித்தவர். ‘சேவாசதனம்’ (1938), ‘சகுந்தலை’ (1940), ‘சாவித்திரி’ (1941), ‘மீரா’ (1945) ஆகிய திரைப்படங்கள் அவர் குரலைத் தமிழ்நாடெங்கும் பரப்பின. 1940இல் அவரை மணந்த தியாகராஜ சதாசிவம், அவருடைய கச்சேரிகளை ஒழுங்குசெய்யும் பொறுப்பை ஏற்றார். ‘சாவித்திரி’யில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியம் ‘கல்கி’ வார இதழ் தோன்றுதற்கு முதலாயிற்று. ‘மீரா’வுக்குப் பின்னர் அம்மையார் நடிப்பை விடுத்து, இசை மேடையையே தமக்கு இடமாகக் கொண்டார்.

1944ஆம் ஆண்டிற் கஸ்தூரிபாய் நினைவு நிதிக்காக அம்மையார் கச்சேரிகள் செய்தார். அதன்பின் மருத்துவமனை, கல்விக்கூடம், கோயில், ஆதரவற்றோர் இல்லம் என அவர் பாட்டினாற் பயன்பெற்ற இடங்கள் பல. அறத்துக்காக அவர் பாடிய கச்சேரிகள் இருநூற்றுக்கு மேற்பட்டன. அவர் பாடிய வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைத்தொகை திருப்பதித் தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்கு உரியதாக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டில் மகசேசே விருது அவருக்குப் பொதுத்தொண்டின் பொருட்டே வழங்கப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

திருவள்ளுவர் ஒப்புரவையும் ஈகையையும் இரண்டு அதிகாரங்களாக வகுத்தார். வறியார்க்குக் கொடுப்பது ஈகை. ஊருணியும் பயன்மரமும் போல எல்லார்க்கும் பயன்பட வாழ்வது ஒப்புரவு. செல்வர் தம் பொருளின் ஒரு பகுதியைக் கொடுத்தல் ஈகையின்பாற்படும். அம்மையார் கொடுத்ததோ தம் தொழிலையே. ஒவ்வோர் அறக்கச்சேரிக்கும் அதே சாதகம், அதே சுருதித் தூய்மை, அதே சொல்லழுத்தம் வேண்டப்பட்டன. மக்கள் இரக்கத்தினால் மட்டும் சீட்டு வாங்குவதில்லை. பாட்டு நன்றாயிருத்தலினால் வாங்குவர். பாட்டுத் தளரின் அறமும் தளரும். ஆதலின், அவர்பால் இசை ஒன்று, ஈகை மற்றொன்று எனப் பிரித்தல் இயலாது.

எனினும் திறனாய்வாளர் கூறும் தடைகள் சிலவற்றை ஒதுக்குதல் முறையன்று. பக்திப் பாடல்களின் பெருக்கம் அவருடைய மனோதர்மத்தை மறைத்தது என்பர் ஒருசாரார். இதில் ஓரளவு உண்மையுண்டு. பெருந்திரளான அவையினர்க்கெனப் பாடல்களை முன்னரே வரையறுக்கும்போது, இராக விரிவுக்கு உரிய இடம் சுருங்குதல் இயல்பே. ஆயினும் அவர் சங்கராபரணத்தையும் காம்போதியையும் விரித்துப் பாடக் கேட்டோர், வன்மை குறைந்தது என்னார். வாய்ப்பே குறைந்தது என்பர்.

இரண்டாவது தடை இதனினும் ஆழமானது. அம்மையார் தேவதாசி மரபில் வந்தவர். அம்மரபுப் பெண்டிரின் கலையைச் சுவைத்த சமுதாயமே அவரை இழித்துரைத்த காலம் அது. பக்தியும் கொடையும் பொருந்திய கோலத்திலேதான் அச்சமுதாயம் இவரைப் போற்ற முன்வந்ததோ என்று ஐயுறுதற்கு இடமுண்டு. எந்த அறத்துக்கு எப்போது பாடுவது என்பதைத் திட்டமிட்டவர் சதாசிவமே என்பதும் அறிந்ததே. இவ்வையம் நியாயமானது, ஆனால் அது சாரவேண்டியது சமுதாயத்தின்மீது, அம்மையார்மீதன்று. திட்டம் பிறருடையதாயினும், மேடையில் அமர்ந்து உழைத்த குரல் அவருடையது. கொடையை வியந்து பாராட்டுவோர், கொடுத்தவர் செலுத்திய விலையையும் எண்ணுதல் வேண்டும்.

1966இல் ஐக்கிய நாடுகள் அவையிற் பாடினார். 1998இற் பாரத ரத்தினம் பெற்றார். இத்துணைப் புகழுக்கிடையே பெருமனையாகிய கல்கித் தோட்டத்தை விட்டுச் சிறிய இல்லத்திற் குடியேறி எளிமையாக வாழ்ந்தார். 1997இற் சதாசிவம் மறைந்தபின் மேடையேறாது ஒதுங்கி, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் மறைந்தார். குளிர்த்திப் பாட்டின் பயனை ஊர் முழுவதும் கொள்ளும். பாடியவர்க்கெனத் தனியே எஞ்சுவது சிறிது. அம்மையார் வாழ்விலும் அதுவே நிகழ்ந்தது. கலை பயிலும் மாணவர் அவர் புகழை மட்டுமன்றி, இந்தக் கணக்கையும் கற்றல் நன்று.