கரையோரத்தோடு பேசாத பயங்கரவாத ஆய்வு

ஏர்வாடியிலிருந்து கீழக்கரை, மண்டபம் வழியாக ராமேஸ்வரம் வரை நீளும் கடற்கரை, பாதுகாப்பு அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரு 'வழி'யாக மட்டுமே வரும். எண்பதுகளில் போராளிகளும் டீசலும் மருந்தும் கடந்த வழி; 1992 மே 14இல் விடுதலைப் புலிகள் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பிறகு காவல் போட வேண்டிய வழி; இலங்கையின் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின் ஐஎஸ் ஆட்கள் வந்துவிடக்கூடிய வழி. இவற்றில் பொய்யில்லை. கோளாறு, இவை பிறக்கும் முறையில் இருக்கிறது. பயங்கரவாதம் பற்றிய கல்விப்புல ஆய்வு பெருமளவு காவல் துறையிடமும் உளவுத் துறையிடமும் தகவல் வாங்கி, கலைச்சொல் பூசி, அவர்களிடமே திருப்பித் தருகிறது. கரையில் வாழ்வோர் அறிந்தது அதில் ஏறுவது அபூர்வம்.

இந்தத் துறையால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் பேப், 1980 முதல் 2003 வரை உலகில் நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களைத் திரட்டி, அவற்றில் 76 புலிகளுடையவை என்று காட்டினார். மதவெறிதான் மனித வெடிகுண்டை உருவாக்குகிறது என்று பலர் நம்பியிருந்த வேளையில், மதச்சார்பற்ற தமிழ் இயக்கம் முதலிடத்தில் நின்ற அந்தக் கணக்கு பெரிய திருத்தம். அந்நிய ஆக்கிரமிப்பே முதன்மைக் காரணம் என்ற விடைக்கு அவர் தாவியபோதுதான் சிக்கல் எழுந்தது. தாக்குதல் நடந்தவற்றை மட்டும் எண்ணி, நடக்காதவற்றை விட்டுவிட்டால் காரணம் எப்படித் தெரியும் என்று ஸ்காட் ஆஷ்வொர்த்தும் சக ஆய்வாளர்களும் 2008இல் கேட்டார்கள். தமிழ் வாசகரின் கேள்வி இன்னும் நேரானது: 1999 ஜூலையில் கொழும்பில் தற்கொலைக் குண்டுக்குப் பலியான நீலன் திருச்செல்வம் எந்த ஆக்கிரமிப்பாளர்? அதிகாரப் பகிர்வுத் திட்டத்தை வரைந்த தமிழ்ச் சட்ட அறிஞர் அவர்.

ஈஸ்டர் தாக்குதல் இன்னும் கசப்பான பாடம். அதை நடத்திய குழுவின் தலைவர் சஹ்ரான் ஹாசிம் பற்றிய இந்திய எச்சரிக்கை 2019 ஏப்ரல் 4 அன்றே கொழும்புக்குப் போய்விட்டது. கோயம்புத்தூர் ஐஎஸ் வழக்கு விசாரணையில் கிடைத்த துப்பு அது. அதற்கும் வெகு முன்பே, அவருடைய ஊரான கிழக்கிலங்கைக் காத்தான்குடியின் சூஃபி முஸ்லிம்கள் அவரைப் பற்றி முறையிட்டிருந்தார்கள். 2017 மார்ச்சில் அங்கே அவருடைய ஆட்களுக்கும் சூஃபிகளுக்கும் மோதல் நடந்து அவர் தலைமறைவானார். தர்கா மரபுக்கும் அதை மறுக்கும் தவ்ஹீத் பிரச்சாரத்துக்கும் உள்ள இத்தகைய உரசல், சந்தனக்கூட்டுக்கு இந்துக்களும் திரளும் ஏர்வாடிக்குப் புதிதல்ல. அது எப்போது வெறும் வாய்ச்சண்டை, எப்போது ஆபத்து என்று பிரித்தறிய உள்ளூர்த் தமிழும் மார்க்க விவாதங்களின் வரலாறும் தெரிய வேண்டும். தெரியாத ஆய்வு 'தர்கா நல்லது, தவ்ஹீத் கெட்டது' என்று சுருக்கிவிடும். சட்டத்தை மதித்து வாழும் ஆயிரக்கணக்கானோர் சந்தேகப் பட்டியலில் ஏறுவார்கள். உதாரணமாக, கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம், 'நவரசம்' என்ற தம் தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று 2020 மே மாதம் இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். ஐஎஸ்ஸைக் கண்டிக்கும் கவிதையும் அதில் இருந்தது. வழக்கிலிருந்து விடுதலையாக 2023 டிசம்பர் வரை ஆனது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு மாலையில் தீர்த்திருக்கக்கூடிய சந்தேகம்.

களத்தில் இறங்கினால் உயிருக்கு ஆபத்து, முக்கியத் தகவல் அரசிடம்தான் இருக்கிறது, வேறு என்ன செய்வது என்று ஆய்வாளர்கள் கேட்கக்கூடும். ஆபத்து உண்மைதான். ராணுவம், இந்திய அமைதிப்படை, இயக்கங்கள் என எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் மக்களிடம் கேட்டுப் பதிவுசெய்த, மனித உரிமைகளுக்கான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான ராஜனி திரணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அந்த அமைப்பு அதன் பிறகும் அறிக்கைகள் வெளியிட்டது. ஆகவே 'முடியாது' என்பது முழு உண்மையல்ல. அரசிடம் இருக்கும் தகவல் பற்றிய வாதமோ இன்னும் பலவீனமானது; அரசுகளே சில வேளை பொதுவெளித் தகவலைத்தான் நம்புகின்றன. புலிகளைத் தடைப் பட்டியலில் நீட்டித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவை அதன் பொது நீதிமன்றம் 2014இல் ரத்து செய்தபோது சொன்ன காரணம், அந்த முடிவு செய்தித்தாள்களிலும் இணையத்திலும் எடுத்த தகவல்களைச் சார்ந்திருந்தது என்பதே. 2017இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. ரகசியக் கோப்புகள் வேண்டாத வேலையே நிறைய மிச்சம் கிடக்கிறது. ராமநாதபுரம் கடலோரத்தில் பதிவான பயங்கரவாத வழக்குகளில் எத்தனை தண்டனையில் முடிந்தன, எத்தனை விடுதலையில் முடிந்தன என்பதைத் தீர்ப்புகளைப் படித்தே எண்ணிவிடலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.