‘முன்’ என்னும் சொல்லும் யூனானியரின் காலமும்

யூனானியத் தத்துவம் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளிற் பலவற்றை இரண்டே வாக்கியங்களில் அடக்கிவிடலாம்: உலகம் அநாதியானது என்றார் அரிஸ்டாட்டில், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அதனை மறுத்தார்கள். மறுத்த விதம் யாது என்று எழுதுவோரும் சொல்வதில்லை, படிப்போரும் கேட்பதில்லை. சுவையெல்லாம் அவ்விதத்திலன்றோ இருக்கிறது!

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தம் இயற்கை நூலில் காலத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். முன், பின் என்ற முறையில் இயக்கத்தை எண்ணும்போது கிடைக்கும் எண்ணே காலம் என்பது அதன் கருத்து. அரபு மொழிபெயர்ப்பில் இவ்வெண் ‘அதத்’ ஆயிற்று. இப்னு ஸீனாவோ ‘மிக்தார்’, அதாவது அளவு, என்றார்.

இவ்விலக்கணம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஜமுனாமரத்தூர் அமைந்த ஜவ்வாது மலையிலேயே காவலூர் வானாய்வகமும் உள்ளது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்ததை அங்கு ஒரு மீட்டர் தொலைநோக்கியால் கவனித்தனர். கோள் மறைக்கும் முன்னரே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கிற்று. பிற இடங்களிலும் இத்தகைய மங்கல்கள் பதிவாயின. எது முன், எது பின், இடையே எத்தனை நொடி என்ற கணக்கிலிருந்தே யுரேனஸின் வளையங்கள் உலகுக்குத் தெரியவந்தன. ஐந்தாம் பூதத்தாலான மாறாத வானம் என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கை என்றோ வீழ்ந்தது. அவருடைய கால இலக்கணமோ இன்னும் பணிசெய்கிறது.

இனி வழக்குக்கு வருவோம். ‘இக்கணம்’ என்பது எப்போதும் சென்ற காலத்தின் முடிவு, வருங்காலத்தின் தொடக்கம். ஆகவே முதற்கணம் என ஒன்றிராது. காலம் அநாதியாயின் இயக்கமும் அநாதியே. இது அரிஸ்டாட்டிலின் வாதம். 1095இல் முடித்த ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வில் இமாமவர்கள் எதிராளியின் ஆயுதத்தையே கையில் எடுக்கிறார்கள். கடைசி வானத்துக்கு அப்பால் இடமுமில்லை, வெறுவெளியுமில்லை என்று நீங்களே கூறுகிறீர்கள், ‘அப்பால் என்ன?’ என மனம் கேட்பது வெறும் ‘வஹ்ம்’, கற்பனையின் பழக்கம் என்கிறீர்கள். அவ்வாறாயின் ‘உலகுக்கு முன் என்ன?’ என்பதும் அதே பழக்கந்தானே? காலமும் உலகோடு படைக்கப்பட்டதே.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. வீட்டுக்கு முன் என்கிறோம். விடியலுக்கு முன் என்கிறோம். இடத்துக்கும் காலத்துக்கும் ஒரே சொல். முன், பின் என்பன முதலில் இடத்துக்கே உரியன, அங்கிருந்தே இயக்கத்துக்கும் காலத்துக்கும் வந்தன என்று அரிஸ்டாட்டிலும் ஒப்புகிறார். எனவே இமாமவர்களின் ஒப்புமை தமிழில் விளக்கமின்றியே விளங்கும். இவ்வசதியை நம் கட்டுரையாளர் கைநழுவ விட்டது வியப்பே.

அந்நூலின் முன்னுரையை அவர்கள் படித்தார்களா என்ற ஐயமும் நமக்குண்டு. கிரகணங்களைப் பற்றிய கணித நிரூபணங்களை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறான் என அங்கே இமாமவர்கள் எச்சரிக்கிறார்கள். அறிவியலை விலக்கியவராக அவர்களைச் சித்திரிப்போர் எதிரணியிலும் உளர், நம்மிடையிலும் உளர்.

வழக்கு அத்தோடு முடிந்ததுமில்லை. இப்னு ருஷ்து (1126–1198) அவ்வொப்புமையையே தாக்கினார். நீளமுடைய பொருளின் பகுதிகள் யாவும் ஒருங்கே நிலைகொண்டுள்ளன, ஆதலின் அதற்கு எல்லை கூறலாம். இயக்கத்தின் பகுதிகளோ ஒருசேர நிற்பதில்லை. ஒன்றின் விதியை மற்றதற்கு ஏற்றுவது சொற்சாலம் என்றார். இது எளிதில் தள்ளத்தக்க விடையன்று. ‘மறுத்தார்கள்’ என்று எழுதி முற்றுப்புள்ளி இடுவோர் இவ்விடத்துக்கு வருவதேயில்லை.