மூலமும் மறுவார்ப்பும்

மின் கிற்றார் பற்றிய மேனாட்டு விவாதங்களுள் ஓயாதது ஒன்று: பழைய கருவியின் ஓசையை அதன் மறுவார்ப்புத் தருமா என்பது. லியோ ஃபெண்டரின் ஸ்ட்ரட்டோகாஸ்டர் 1954இல் வெளிவந்தது. அவரது நிறுவனம் 1965இல் சி.பி.எஸ். வசமான பின் தரம் தாழ்ந்தது என்பது பலர் துணிபு. ஆகவே முந்திய கருவிகளின் விலை ஏறலாயிற்று. 1982இல் அந்நிறுவனமே 1957, 1962 ஆம் ஆண்டுகளின் அமைப்பை ஆராய்ந்து மீள வார்த்து விற்றது.

மறுவார்ப்பு எதனை மூலமாகக் கொள்கிறது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. பழைய கருவிகளின் காந்தச் சுருள்கள் கைவழி சுற்றப்பட்டமையால் ஒன்றன் ஓசை மற்றொன்றில் இல்லை. அவ்வேறுபாடுகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதனையே அவ்வாண்டின் ஓசையென மறுவார்ப்பு நிலைநிறுத்துகிறது. பழையன யாவும் சிறந்தன என்பதும் மயக்கமே. நல்லனவே பேணப்பட்டன, அல்லாதவற்றை எவரும் காத்து வைக்கவில்லை. 1995இல், புதுக் கருவியிற் செயற்கைக் கீறலிட்டு முதுமை தோற்றுவிக்கும் வழக்கமும் வந்தது. கண்ணை ஏய்க்கும் இம்முயற்சி செவிக்கு யாது செய்யும்?

இவ்வினா புத்தளக் கரைக்கும் உரியது. புத்தளம் நகரை அடுத்த சிராம்பியடியில் வாழும் ஆபிரிக்க மரபினர், பிரித்தானியர் காலப் படைவீரரின் வழியினர். அவர்களது மன்ஜா இசைக்குக் கருவிகள் எளியன: றபான், தேங்காய்ச் சிரட்டை, போத்தலும் கரண்டியும். மெல்லத் தொடங்கும் பாட்டு வரவர விரைந்து, இருந்தோரை எழுந்தாடச் செய்கிறது. சொற்கள் போர்த்துக்கேயக் கிரியோல்; அம்மொழியோ அன்றாடப் பேச்சினின்றும் அகன்றுவிட்டது. பாடுவோர் இன்று சிங்களம் பேசுவோர்.

இம்மரபோடு உறவுடைய பைலாவை 1940களில் வோலி பஸ்தியன் பரப்பினார். (பைலாவுக்குப் புத்தளம் ஒன்றே ஊற்றன்று, மட்டக்களப்புப் பறங்கியரின் காப்பிரிஞ்ஞாவும் அதற்கு நெருங்கிய சுற்றம்.) 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு மின் கிற்றார் சிங்கள மெல்லிசையிற் புகுந்தது. பின்னர் பைலாவும் அதனையே துணைக்கொண்டது.

பைலாவைப் போலி எனத் தள்ளுதல் நேர்மையன்று. மூலத்தின் உருவைப் பேணுவதாக அது ஒருபோதும் கூறவில்லை. தாளத்தை ஏற்றது, சொல்லை விட்டது, தனக்கெனப் புதுச்சுவை கண்டது. ஐயுறத்தக்கது வேறு. மரபைக் காட்டுவதாக மேடையேறும் மன்ஜா, சில நிமிட எல்லைக்குள் அடங்கவேண்டித் தன் மெல்லிய தொடக்கத்தை இழக்குமாயின், ஆடையும் சிரட்டையும் மட்டுமே பழையனவாக எஞ்சும். அது கீறலிட்ட புதுக் கிற்றாருக்கு ஒப்பாகும். விரைவு மன்ஜாவின் இயல்பன்று, விளைவு. மெதுவாகத் தொடங்காத பாட்டு எதிலிருந்து விரையும்?

ஒலிப்பதிவும் இடர் நீங்கியதன்று. ஒருநாட் பாடலைப் பதிந்து அதுவே மன்ஜாவெனக் கொள்ளின், ஓராண்டின் ஒரு கிற்றாரை அளந்து அச்சாக்கிய பிழையே நேரும். ஒரே பாட்டைப் பலர் வாயிலாகப் பல பொழுதுகளிற் பதிவுசெய்தல் வேண்டும். சொற்பொருள் அறிந்த முதியோர் உள்ளபோதே அதனைச் செய்தல் வேண்டும்.