ஆயத்தம் எவரிடம் கோரப்படுகின்றது?

2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காரணமாக இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரைகள் ‘சூம்’ வழியே நிகழலாயின. 2022 இல் எரிபொருள் நெருக்கடியின்போதும் அவ்வழியே நாடப்பட்டது. இக்காலத்தில் ‘மாணவரின் ஆயத்தநிலை’ என்னும் தொடர் கல்வியாளரிடையே பெருவழக்காயிற்று. அத்தொடரின் பொருத்தப்பாட்டை மலையகத்தை முன்வைத்து நோக்குதல் தகும்.

ஆயத்தநிலை என்பது பெரும்பாலும் மாணவரின் ஆர்வம், தன்னம்பிக்கை, கணினித் திறன் ஆகியவற்றைக் கொண்டே அளக்கப்படுகின்றது. விடுதிகள் மூடப்பட்டதும் ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களுக்குத் திரும்பிய மாணவரிடம் இவை குறைந்திருக்கவில்லை, குறைந்திருந்தவை வேறு. சமையலும் உறக்கமும் தம்பி தங்கையரின் படிப்பும் ஒருங்கே நிகழும் லயன் அறையில் விரிவுரைக்கென ஒதுக்கத்தக்க மூலை எது? 2019 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி நாளொன்றுக்கு 700 ரூபாவே அடிப்படைச் சம்பளமாக இருந்தது. அந்நிலையில் ஒரு திறன்பேசி பல வாரக் கொழுந்துக் கூலியை விழுங்கிற்று.

‘லேர்ன்’ வலையமைப்பின் ஊடாகக் கட்டணமின்றி விரிவுரைகளில் இணையும் வசதி 2020 இல் வழங்கப்பட்டமை பாராட்டுக்குரியதே. ஆயினும் மலைகள் மறிக்கும் பள்ளத்து லயங்களில் அலைவரிசையே எட்டாதபோது இலவசத்தால் ஆவதென்ன? மேலும், ஆயத்தநிலையை அறியும் வினாக்கொத்து நிகழ்நிலைப் படிவமாகவே அனுப்பப்படுமாயின், இணையத்தை எட்ட முடியாதவரின் விடை அதில் இடம்பெறாது. அவ்வழிப் பெறப்படும் முடிவு உண்மையினும் செழிப்பாகத் தோன்றுதல் இயல்பே. விடையளிக்காதவரின் மௌனம் அசட்டையெனக் கொள்ளப்படும் ஆபத்தும் உண்டு.

இதனால் நிகழ்நிலைக் கற்றலே வேண்டாததெனக் கொள்ளுதல் தவறு. தமிழ்மொழி மூலம் பயின்று வந்து ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் மாணவருக்கு, பதிவுசெய்யப்பட்ட உரையை மீளக் கேட்கும் வாய்ப்பு பெரும் பேறாகும். எனினும் அப்பேறு அவரைச் சென்றடைதல் வேண்டும். 1980 இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அச்சிட்ட பாடநூல்களையும் பிரதேச நிலையங்களையும் கொண்டே தொலைக்கல்வியைத் தொடங்கிற்று. கற்போரின் இருப்பிடத்தை முதலில் எண்ணிய முறை அது. அவ்வழி நின்று, தோட்டப் பாடசாலைகளையும் நூலகங்களையும் இணைய வசதியுடைய கற்கை நிலையங்களாக மாலைவேளைகளில் திறந்துவிடலாம்; பதிவுகளை விடுமுறைக்கு முன்னரே மாணவர் கையில் சேர்ப்பிக்கலாம்.

மாணவர் ஆயத்தமா என வினவுமுன், அவரது லயத்தை எட்டுவதற்குப் பல்கலைக்கழகம் ஆயத்தமா என்ற வினாவுக்கு விடை காணப்படுதல் வேண்டும்.