கடலடி வாயுவும் கணினிக் கணக்கும்

பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு காட்டில் புதிதாகப் போர் போட்டால், வரப்புக்கு அந்தப்புறத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்குகிறதா என்று கவனிப்பார்கள். இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதானா? 2014-இல் அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனதும் இந்தக் கேள்விதான். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் தன் பகுதியின் வாயு, பக்கத்து டி-6 பகுதியில் ரிலையன்ஸ் தோண்டிய கிணறுகள் வழியே வெளியேறுகிறது என்றது அது.

கடலடிப் பாறையைப் பிளந்து பார்க்க வழியில்லை. டிகால்யர் அண்ட் மெக்நாட்டன் என்ற அமெரிக்க நிறுவனம் கணக்குப் போட்டது. இத்தகைய கணினி மாதிரியில் பாறையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நுண்துளை எவ்வளவு, அழுத்தம் என்ன, வாயு எவ்வளவு எளிதாக நகரும் என எண்கள் தருவார்கள். மணலில் நீர் ஓடுவதற்கு டார்சி 1856-இல் வெளியிட்ட விதியே இன்றும் அடிப்படை. இரண்டு பகுதிகளும் உள்ளே இணைந்தவை, சுமார் 1,100 கோடி கன மீட்டர் வாயு இடம்பெயர்ந்தது என்றது 2015 நவம்பர் அறிக்கை. பல ஆண்டு உற்பத்தியும் அழுத்தமும் பதிவாகியிருந்ததால் கணக்கை உண்மையோடு உரசிப் பார்க்க முடிந்தது. இந்த முறையின் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அந்த வாயுவுக்கு அரசு கேட்ட நட்டஈடு உண்டா என்பது மாதிரிக்கு எட்டாத கேள்வி. 2018-இல் நடுவர் மன்றம் ரிலையன்ஸ் பக்கம் நின்றது. 2025 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்தத் தீர்ப்பைத் தள்ளியது.

அதே டி-6 இந்த முறையின் பலவீனத்தையும் காட்டியது. நாளுக்கு 8 கோடி கன மீட்டர் என்றது 2006-இன் திட்டம். 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் 6 கோடியைத் தாண்டிய பின் சரிந்தது. கிணறுகளில் நீரும் மணலும் ஏறின. போதிய கிணறுகள் தோண்டவில்லை என்றது அரசு, பாறை எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது என்றது நிறுவனம். யார் சொன்னது சரி என்றாலும், திட்டம் போட்ட நாளில் அங்கே உற்பத்தி தொடங்கியிருக்கவில்லை. கிணற்றுக்குக் கிணறு இடையில் மணல் தொடர்கிறதா என்பது ஊகம். ஊகத்தை மாற்றினால் எதிர்காலமும் மாறும். தரவு சேர்ந்த பிறகும் வெவ்வேறு பாறை அமைப்புகள் அதே பழைய பதிவோடு பொருந்திவிடும். பொருந்தியதாலேயே ஒரு மாதிரி உண்மை ஆகாது.

வல்லுநர்கள் இதை அறிவார்கள். குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்று மதிப்பீடுகள் தருவது அவர்கள் வழக்கம். திட்ட அறிவிப்பாக வெளிவரும்போது ஒரே எண்தான் மிஞ்சுகிறது. அந்த எண்ணை நம்பி ஆந்திரத்தில் மின் நிலையங்கள் எழுந்தன. 2013 மார்ச்சில் மின் துறைக்கு டி-6 வாயு நின்றபோது அவை முடங்கின. வாயுவை ஒதுக்கும் அரசும், கடன் கொடுக்கும் வங்கியும் மிகக் குறைந்த மதிப்பீட்டைக் கேட்டு வாங்கி, அதற்கேற்ப மட்டுமே கையெழுத்துப் போட வேண்டும்.